கீழ் சர்வர்ல மட்டும் இருக்கற வரி

நான் சேந்தமங்கலத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவனுங்க. பேயி, காத்து, சாமி வந்து சொல்லுச்சுன்னு எவனாச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிடுவேன். எதுவா இருந்தாலும் ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனா சரியாயிடும்ங்கற கட்சி. இப்பவும் பெருசா மாறிடல. நீங்க சிரிச்சாலும் பரவால்ல, நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன்.

ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிங்க. கொல்லிமலை மேல ஒரு கிளினிக், கீழ சேந்தமங்கலத்துல பெரிய கட்டடம். எடத்துக்கு ஒரு சர்வர் வச்சு நான்தான் ஜோடி போட்டுக் குடுத்தேன். மேல ஒரு எழுத்து அடிச்சா அதே நொடி கீழயும் பதிவாயிடும், ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு வேலையைப் பாத்துக்கும். மேல இருக்கற மெர்சி சிஸ்டர் தூத்துக்குடிக்காரங்க, அவங்ககிட்ட நானே பெருமையாச் சொன்னேன், இனிமே பேசண்டுகிட்ட சீட்டு எழுதிக் குடுக்க வேண்டாம் சிஸ்டர், ஆம்புலன்ஸ் எழுபது வளைவு எறங்கறதுக்குள்ள ஃபைல் கீழ போயிருக்கும்னு. அதையும் அவங்க நம்பிட்டாங்க.

போன ஐப்பசியில நல்ல மழை. காலைல மரம் விழுந்து கேபிள் அந்துபோச்சு, அதோட மலை மேல செல்போனும் போச்சு. இதுல என்ன வில்லங்கம்னா, லைன் போனா ரெண்டு சர்வரும் மத்தது செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கும். நாந்தான் இந்த ஊட்டுக்குப் பெரியவன்னு தனித்தனியா வேலை பாக்கும். அங்க ஒக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. லைன் வந்தப்பறம் ரெண்டு கணக்கும் ஒத்துப்போவாது, ஒரு பக்கத்தை வச்சுட்டு இன்னொரு பக்கம் அன்னைக்கு எழுதுனதை அழிக்கணும். எதை அழிக்கறதுன்னு மனுசன்தான் சொல்லணும்.

நான் பைக்ல மேல போய்ச் சேர்றப்ப மத்தியானம் மூணு மணி இருக்கும், பத்தடி தூரத்துல ஆள் தெரியாத மஞ்சு. கேபிள் அப்பத்தான் ஒட்டியிருந்தாங்க, செல்போனும் வந்துருச்சு. கிளினிக்ல ஒரு ஈ காக்கா இல்லை. அன்னைக்குக் குண்டனி நாட்டுல நோம்பிங்க, மலையில கொஞ்சம் ஊருங்க சேந்தா அதை நாடும்பாங்க. சாமி கும்புட்டு முடியற வரைக்கும் அந்த நாட்டுக்காரங்க எல்லையைத் தாண்ட மாட்டாங்க. கிளினிக்குக்கு வர்றதுல முக்காவாசிப் பேரு அவங்கதான். அப்ப இன்னைக்கு மேல ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க, எழுதறதுக்கும் ஒண்ணும் இருந்திருக்காதுன்னு நானே முடிவு பண்ணி, மேல் பக்கத்தை அழிச்சுட்டேன். காப்பி எடுத்து வச்சுட்டு அழிக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நானு.

அழிச்சு அஞ்சு நிமிசம் ஆகலீங்க, சாப்பிடப் போயிருந்த மெர்சி சிஸ்டர் உள்ள வந்தாங்க.

"அண்ணே, பொன்னாயி ஃபைல் கீழ போயிட்டுதா? அந்த ஊசி சேராதுன்னு போட்டுருக்கேன். இன்னொரு தடவ போட்டா அவ பொழைக்க மாட்டா."

பொன்னாயி நெறமாசக்காரி. வலி கண்டு நோம்பியையும் மீறித் தூக்கிட்டு வந்திருக்காங்க. சிஸ்டர் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் ஒடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டியிருக்குது. மாத்து மருந்து குடுத்து, ரெண்டரைக்கு ஆம்புலன்ஸ்ல அனுப்பிட்டாங்க. கீழ ஆபரேசனுக்கு முன்னாடி வழக்கமாப் போடறது அதே ஊசிதான். பொன்னாயிக்குப் பாதி நெனவு இல்லை, அவ புருசனுக்கு ஊசி பேரு தெரியாது, கையில சீட்டும் இல்லை. சீட்டு வேண்டாம்னு சொன்னவன் நானுங்க. கீழ போன் அடிக்கறேன் அடிக்கறேன், எடுக்க ஆளில்லை. ஆம்புலன்ஸ் டிரைவரு வளைவுல இருக்கான், சிக்னல் இல்லை. ரெண்டு உசுரை ஒரு பட்டனை அமுக்கிக் கொன்னுட்டேன்னே நெனச்சேன். சிஸ்டர் செவுத்தைப் பாத்து ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

நாலேகாலுக்குக் கீழ இருந்து டாக்டரம்மா கூப்பிட்டாங்க. ஃபைல்ல எச்சரிக்கை இருந்துதாம், வேற மருந்து போட்டாங்களாம், பொம்பளப் புள்ளையாம், ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாம்.

அதுக்கப்பறந்தான் டாக்டரம்மா சிஸ்டர்கிட்ட கேட்டாங்க, நீ எப்ப இருந்து தமிழ்ல எழுதறேன்னு. சிஸ்டர் அடிச்சது இங்கிலீசுல ரெண்டே வார்த்தை. கீழ இருந்தது வேற. ஊசி பேரைச் சரியாப் போட்டு, "இந்தப் புள்ளைக்கு இது ஆகாது கண்ணு, வேற போடு"ன்னு இருந்துது. எழுதுனவங்க பேரு போடற கட்டம் காலி. நேரம் ரெண்டு இருவது. ரெண்டு இருவதுக்கு லைனே இல்லீங்க.

நானும் சும்மா விடல. ரெண்டு சர்வரையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க வச்சேன், ராவெல்லாம் ஓடுச்சு. வித்தியாசம் பூஜ்யம்னு சொல்லுது. ஆனா கீழ தெறந்தா அந்த வரி இருக்குது, மேல தெறந்தா இல்லை. நம்புனா நம்புங்க, இன்னைக்கும் அப்படித்தான். பொன்னாயி புருசன்கிட்ட இதைச் சொன்னப்ப அவரு ஆச்சரியமே படல. "எல்லையைத் தாண்டறப்பச் சாமிகிட்டச் சொல்லிட்டுத்தாங்க வந்தோம்"னாரு. அதுக்கு மேல அவருகிட்ட என்னத்தைக் கேக்கறது?

இதோட முடிஞ்சிருந்தா ஏதோ மெஷின் கோளாறுன்னு நானும் விட்டிருப்பேன். தை மாசம் ஊட்டுக்காரி ஏதோ இன்சூரன்சுக்கு என்னோட பழைய ரிப்போர்ட்டு கேட்டா. முன்ன ஒருக்கா காய்ச்சல்னு கீழ ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் படுத்திருந்தேன், அந்த ஃபைலைத் தெறந்தேன். கடைசியில ஒரு வரி. "இவனுக்கும் அது ஆகாது கண்ணு."

அந்த ஊசியை நான் இதுவரைக்கும் போட்டதே இல்லீங்க. டெஸ்ட் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. நான் போகல. இப்ப எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்கு அது சேராதுங்கன்னு சொல்லிடறேன். யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்க. ஃபைல்ல இருக்குதுங்கன்னு சொல்லுவேன்.