பட்டுக் கைக்குட்டைக்காரர்

விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலைக்குக் கலவைக் கருவி விற்க வந்த வெளிநாட்டு விற்பனை அதிகாரி ஒருவருக்கு மொழிபெயர்க்கப் போனேன். உள்ளங்கை அளவுக் கண்ணாடித் தகடான அந்தக் கருவியைப் பட்டுக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசுவது அவர் வழக்கம். அதன் மயிரிழைக் குழாய்களில் ரசாயனத் திரவங்கள் ஓடியபடியே கலந்து, நாள் கணக்கு வேலை நிமிடத்தில் முடியுமாம். இங்கே கலப்பது திரவமா, உலர்ந்த பொடியா என்று அவர் விசாரிக்கவில்லை. பொடிதான் என்று நானும் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பவனுக்கு எதற்கு மூளை?

கலவை அறை வாசலிலும் துடைத்தார்.

“இதுல மருந்து நிக்காம ஓடுமாம்,” என்றேன், வெடிமருந்து கலக்கும் அண்ணாச்சியிடம்.

“மொதல்ல தொடைக்கிறத நிறுத்தச் சொல்லுங்க சார். பட்டுத்துணியால கண்ணாடியத் தேச்சா கரண்டு வரும்னு எட்டாங் கிளாஸ்லயே சொல்லித்தந்தாக. இங்கன ஒரு பொறி விழுந்தா மருந்து ஓடாது, நாங்கதான் ஓடணும்.”

கைக்குட்டையை வாங்கி என் பையில் திணித்தேன்.

“என்ன சொல்கிறார்?” என்றார், வேதியியலில் முனைவரான அதிகாரி.

“வேகத்தைப் பற்றித்தான்,” என்றேன்.

மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்.