ஒரே பெயரில் ஆட்டக்காரனும் எழுத்தாளனும்

ஹைதராபாத்துக்கு நான் வேலை தேடி வரவில்லை. விஜயவாடாவில் டிக்கெட் இல்லாமல் ஏறிய வண்டி செகந்திராபாத்தோடு நின்றுவிட்டது. இறங்கிக்கொண்டேன். ஏழாவதோடு படிப்பு முடிந்து, நான்கு ஊர்களில் ஓட்டல் மேசை துடைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு ஒப்பந்தக்காரர் பெரிய அரசுத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெட்டி பிரிக்க அழைத்துப் போனார். யுகோஸ்லாவியாவிலிருந்து கப்பலில் வந்த இயந்திரங்கள். ஆணி பிடுங்க வேண்டும், பலகை அடுக்க வேண்டும், இயந்திரம் அடிபடாமல் இருக்கத் திணித்திருந்த பழைய செய்தித்தாள்களை எரிக்க வேண்டும். கையில் சிராய் ஏறாத நாளில்லை. தாள்களை எரிக்கும் முன் படம் பார்ப்பேன்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தக் கால்பந்து ஆட்டக்காரனின் படம். காற்றில் படுத்த மாதிரி உடம்பு, பந்து காலை விட்டுக் கிளம்புகிறது. கீழே இங்கிலீஷ் எழுத்தில் அவன் பெயர். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். படத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே நிஜப் பந்து ஒன்று பெட்டிகளின் மேல் வந்து விழுந்து என் முதுகில் பட்டது. தமிழில் திட்டினேன். சுவர் மேல் ஒரு தலை தெரிந்தது.

“இவ்வளவு சுத்தமா திட்டுறியே, எந்த ஊருடா?”

தொழிற்சாலைக் கால்பந்து அணியில் இடது ஓரத்தில் ஆடுபவர். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். என்னைவிட ஆறு வயது பெரியவர். வீட்டில் தம்பி தங்கைகள் நிறைந்திருந்ததால் ஹப்சிகுடாவில் தனியாக அறை எடுத்திருந்தார். பிளாட்பாரத்தில் படுக்கிறேன் என்று சொன்னதும், “நக்கோ, அதெல்லாம் வேணாம், நம்ம ரூமுக்கு வா,” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சர்ச் வாசலில் நின்று கூப்பிட்டால் ஆறு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர். தொழிற்சாலையிலேயே அந்தப் பெயரில் ஐந்து பேர். அதனால் எல்லாரையும் பிரிவோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். பெயின்ட் ஷாப்காரர், ஸ்டோர்ஸ்காரர், வண்டி ஓட்டுபவர் என்று. இவருக்கு மட்டும் பெயருக்கு முன்னால், ஆடும் இடத்தை வைத்து, ‘லெஃப்ட் அவுட்’. வருகைப் பதிவேட்டில்கூட பென்சிலால் அப்படித்தான் குறித்திருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அடுத்த வருஷம் ஒரு லீக் ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. மாவுக்கட்டு போட்ட டாக்டர், இனி ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆட்டத்துக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு நிர்வாகம் ஒரு வழி வைத்திருந்தது. இங்கிலீஷில் கடிதம் எழுதுவது, டைப் அடிப்பது என்று ஒரு பரீட்சை. தேறினால் குமாஸ்தா. தேறாவிட்டால் லோடிங்கில் ஹெல்பர். முழங்கால் போனவருக்கு மூட்டை தூக்கும் வேலை.

“பரீட்சை எழுதுங்க அண்ணே. மெட்ரிக் படிச்சவர்தானே நீங்க?”

“கைக்குடா? எதுக்குங்கறேன்? குமாஸ்தான்னு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான், நம்ம பேர்லயே. நான் யாரு? நொண்டி குமாஸ்தாவா?”

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் கதைப் புத்தகம் ஒன்று, பின்னட்டை இல்லை. முன்னட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டினேன். என் படத்து ஆட்டக்காரனின் பெயர்! ஐந்து பேர் ஒரே பெயரில் திரியும் தொழிற்சாலையில் பெட்டி பிரித்தவன் நான். ஆனாலும், தூர தேசத்தில் அப்படி ஒரு பெயர் இரண்டு பேருக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

“பாருங்க அண்ணே, இவனுக்கும் கால் போயிருக்கணும். உட்கார்ந்து கதை எழுதியிருக்கான்.”

படத்தையும் அட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு படிக்கத் தொடங்கினார். எனக்கும் தமிழில் சொல்லுவார். மலை, பனி, கழுதை மேய்ப்பவன், கோபக்கார மாமியார். “ஹவ், ஆமா, இவன் நம்மாளுதான்டா. ஒவ்வொரு வரியிலும் ஏமாத்திட்டுப் போறான், லெஃப்ட் அவுட் மாதிரியே,” என்றார். மாவுக்கட்டு பிரிப்பதற்குள் இரண்டு முறை படித்து முடித்து, பரீட்சைக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டார். டைப் பழகப் போனார்.

செவ்வாய்க்கிழமை பரீட்சை. சனிக்கிழமை, இயந்திரம் பொருத்த வந்து அரைகுறை இந்தி கற்றிருந்த யுகோஸ்லாவிய இன்ஜினியரிடம் பெருமையாகப் படத்தையும் புத்தகத்தையும் காட்டினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுதியவர் ஒரு கிழட்டுப் பள்ளி வாத்தியார், பந்தைத் தொட்டதே இல்லை, ஆட்டக்காரன் பிறக்குமுன்பே செத்துப்போனார் என்றார். ஆட்டக்காரன் இப்போது டயர் கடை வைத்திருக்கிறானாம். தனக்கு முடிவெட்டுபவருக்கும் அதே பெயர்தான் என்றார்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஞாயிறு சாயங்காலம் வரை விட்டும் வைத்தேன். அவரோ கடிதம் எழுதிப் பழகிக்கொண்டே, “நம்மாளு இதை எப்படி ஆரம்பிச்சிருப்பான்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

எழுதிக்கொண்டிருந்த தாளைக் கசக்கி எறிந்தார். பிறகு, “செவ்வாய்க்கிழமை கழிச்சுச் சொன்னா உன் வாய் அழுகிடுமா?” என்றார்.

“மன்னிச்சுக்கங்க அண்ணே.”

“அந்த டயர் கடை. சொந்தக் கடையா?”

“கேக்கலை.”

“முட்டாள். முக்கியமானதை விட்டுட்டு வந்திருக்கான். காலையில போய்க் கேளு.”

கேட்டேன். சொந்தக் கடைதான். பலகையில் பெரிதாக அவன் பெயர், அதன் கீழே பந்து உதைக்கிற மாதிரி ஒரு படம். ஊரில் அந்தப் பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் இவனை அடையாளம் தெரிய வேண்டுமே என்றார் இன்ஜினியர். அதைச் சொன்னபோது அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “கடையை வச்சுக்கிட்டும் பந்தை விடலையா? சரிதான்,” என்றார்.

பரீட்சையில் தேறிவிட்டார். டைப்பில்தான் மயிரிழையில் தப்பினார். கடிதத்தில் நல்ல மதிப்பெண். தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் நாற்காலி கொடுத்தார்கள்.

பெட்டி வேலை தீர்ந்ததும் நான் விசாகப்பட்டினம் கிளம்பினேன். ரயிலில் படிக்கச் சொல்லி அந்தப் புத்தகத்தை என் பையில் போட்டார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது என்று அவருக்குத் தெரியும்.

அங்கே போன பிறகு ஒரு உறை வந்தது. டெஸ்பாட்ச்காரர் அல்லவா, முகவரியை அழகாக டைப் அடித்திருந்தார். உள்ளே நாலே வரி, முழங்கால் மழைக்கு வலிக்கிறது என்று. பின்பக்கத்தில் அனுப்புநர் பெயர். அதன் கீழே ‘டெஸ்பாட்ச்’ என்று டைப் அடித்திருந்தது. பெயருக்கு முன்னால், இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கி, பென்சிலால் ‘லெஃப்ட் அவுட்’ என்று எழுதியிருந்தார்.