துடைக்காத கட்டங்கள்

அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவளைத் ‘துடைப்பம்’ என்பார்கள். ஒரு கணினி மொழியின் இன்டர்பிரட்டரை, அதாவது அந்த மொழியில் எழுதிய நிரல்களைப் படித்து ஓட்டும் மென்பொருளைப் பராமரிப்பது அவள் வேலை. நிரல் ஒன்று பட்டியல் போட இடம் கேட்டால் நினைவகத்தில் பிடித்துத் தர வேண்டும். பட்டியல் நீண்டால் இன்னும் பெரிய இடமாகப் பார்த்து மாற்ற வேண்டும். அந்த இடத்தில் முன்பு எழுதிய பழைய எண்கள் குப்பையாகக் கிடக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் துடைத்து, ‘காலி’ என்று குறித்த பிறகே கொடுக்கும்படி அவள் எழுதியிருந்தாள்.

புதிதாக வந்த மேலாளருக்கு வேகம் வேண்டியிருந்தது.

“யாரும் எழுதாத கட்டத்த யாரு படிக்கப் போறாங்க அக்கா? துடைக்கிற வேலைய எடுத்துடுங்க.”

“படிப்பாங்க தம்பி. மனுஷங்க எழுதற ப்ரோகிராம்தானே.”

இரண்டு கூட்டங்களில் மல்லுக்கு நின்றாள். மூன்றாவதில் வாயை மூடிக்கொண்டாள். கணவருக்கு வேலை போயிருந்த நேரம். இங்கேயும் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டது. தன் கையாலேயே அந்த வரிகளை அழித்தாள்.

மழைக்காலத்தில், அந்த மொழியில் எழுதிய நிரலை ஓட்டும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து புகார் வந்தது. அங்கே கருவி அளக்கத் தவறினால் அந்த முடிவுக்கான கட்டம் காலியாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, முன்னால் வந்த யாருடைய சர்க்கரை அளவோ அதில் கிடந்தது. அதை நம்பி ஒரு தையல்காரருக்கு டாக்டர் சர்க்கரை மருந்தைக் கூட்டிவிட்டார். சர்க்கரை தாழ்ந்து மிஷின் மேலேயே சரிந்தவர் பிழைத்தார். வலது கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“கருவிக் கோளாறுன்னு எழுதிடலாம்கா,” என்றார் மேலாளர்.

அவள் நடந்ததை நடந்தபடி எழுதிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். வேலை போயிற்று.

ஒரு மாலை தையல்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி கதவைத் திறந்தாள். இன்னார் என்று சொன்னதும் ஒன்றுதான் கேட்டாள்.

“இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். சொல்லிப் பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்.”

அந்த அம்மாள் கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே தையல் மிஷின் கொஞ்சம் ஓடி நின்றது. பழகாத இடது கை.

தெருவில் காத்திருந்த கணவர், “என்ன சொன்னாங்க?” என்றார்.

“ஒண்ணும் சொல்லல,” என்று அவள் நடக்கத் தொடங்கினாள்.