பிடியரிசிக் கலயம்

வெறும் மண்கலயத்தின் அடியில் அரிசி விழும் சத்தமும், அரிசியின் மேல் அரிசி விழும் சத்தமும் ஒன்றல்ல. ஞாயிற்றுக்கிழமை அந்தியில் அது ஓட்டின்மேல் விழும் முதல் மழைத்துளிகளைப் போலக் கலகலவென்று கேட்கும். செவ்வாய், புதனில் தணிந்து, வெள்ளிக்கிழமைக்குள் மணலில் மணல் விழுவது போல அடங்கிவிடும். முற்றத்தில் உட்கார்ந்து விளக்குச் சிமினியைச் சாம்பலிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும் நான், அடுக்களைக்குள் எட்டிப் பார்க்காமலே இன்று என்ன கிழமை என்று சொல்லிவிடுவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. குழித்துறைக்கு மேற்கே இருந்த எங்கள் ஊர் இன்னும் திருவனந்தபுரத்து ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது.

'பிடியரிசி' என்பது எங்கள் சபையைச் சேர்ந்த எல்லா வீடுகளிலும் இருந்த வழக்கம். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து முதலில் ஒரு பிடியை எடுத்து, அதற்கென்று வைத்திருக்கும் கலயத்தில் போட வேண்டும். சனிக்கிழமை மாலை சபையிலிருந்து ஒருவர் வந்து, எல்லா வீட்டுப் பிடியையும் ஒரே ஓலைப்பெட்டியில் கொட்டிக்கொண்டு போவார். சபையை நடத்தும் உபதேசியார் வீட்டுக்கும், வேலை செய்ய முடியாத ஏழைகளுக்கும் அது கஞ்சியாகும். எங்கள் வீட்டில் பகல் முழுவதும் 'மரச்சீனி' என்ற மரவள்ளிக் கிழங்குதான். அந்திக்கு மட்டும் அரிசி, அதுவும் எல்லா நாளும் இல்லை. ஆனாலும் அரிசி அளந்த நாளில் அம்மை பிடி எடுக்காமல் இருந்ததில்லை. காயலில் ஊறி அழுகிய தேங்காய் மட்டையை அடித்துத் தும்பு நார் எடுக்கும் வேலை செய்து காய்த்துப்போன அந்தக் கை, எவ்வளவு கழுவினாலும் காயல் சேற்றின் நாற்றம் போகாத அந்தக் கை, அரிசியை எடுக்கும்போது மட்டும் மெதுவாக விரிந்து மெதுவாக மூடும். "இது நமக்குள்ளதல்ல மக்ளே. நமக்குள்ளது இதுக்குப் பொறவுதான்" என்பாள்.

அப்பா பனையேறி. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். கொன்றவர் பெயர் தங்கையன். அப்பாவோடு சேர்ந்து பனையேறியவர், இதே சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். எல்லையில் நின்ற ஒரு பனையின் 'அக்கானி', அதாவது பதநீர், யாருக்கு என்று எழுந்த வாய்ச்சண்டையில், பாளை சீவும் அரிவாளால் வெட்டிவிட்டார். ஒரே வெட்டு என்பார்கள். இதுவரை எழுதியதில் இது மட்டும் நான் பிறர் சொல்லக் கேட்டது. மற்றவை நானே கண்டவை.

அவருக்குத் தண்டனைக் குறைப்பு கிடைத்திருக்கிறது, திருவனந்தபுரத்து ஜெயிலிலிருந்து வரப்போகிறார் என்ற பேச்சு முதலில் சந்தையிலும் பிறகு சபைக் கோயிலிலும் கேட்டது. வந்த வாரமே ஞாயிறு ஆராதனையில், உபதேசியார் அழைக்க, சாட்சி சொல்வதற்காக முன்னால் வந்து நின்றார். நான் நினைத்திருந்ததுபோல் பெரிய உருவம் இல்லை. நரைத்த தலை, தோளில் ஒரு துண்டு, ஒட்டிய கன்னம். ஜெயிலுக்கு வந்து பிரசங்கம் செய்த ஒருவரால் மனந்திரும்பியதைச் சொன்னார். "கிறிஸ்து தம்முடைய ரத்தத்தால என்னை மீட்டுக்கிட்டாரு. எனக்க சங்கிலி அறுந்துபோச்சு. இன்னைக்கு நான் விடுதலை உள்ளவன்" என்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து 'ஆமென்' என்ற சத்தம் எழுந்தது. பெண்கள் பக்கத்தில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாயில் என் பக்கத்தில் இருந்த அம்மை, கூரையைத் தாங்கிய மரத்தூணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆராதனை முடிந்து வீடு திரும்பினோம். படியில் நின்று, கதவைப் பார்த்துச் சொல்வதுபோல், "அவனுக்கு ஆண்டவரு விடுதலை குடுத்தாச்சு. கொள்ளாம், நல்லதுதான். என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாவளா?" என்றாள்.

தங்கையனுக்குப் போக இடம் இருக்கவில்லை. தாய் செத்துப்போயிருந்தாள். தம்பி வீட்டுக்குள் விடவில்லை. அவர் கையில் மறுபடியும் அரிவாளைக் கொடுத்துப் பனையில் ஏற்றுவதற்கு எந்தத் தோட்டக்காரருக்கும் மனம் வரவில்லை. கோயிலுக்குப் பின்னால், கூரை வேய்வதற்கு ஓலை அடுக்கும் கொட்டகையில் ஒதுங்கினார். விடுதலை உள்ளவன் என்று சொன்ன அந்த மனிதர் நடந்துகொண்ட விதம் எங்களுக்கு விசித்திரமாக இருந்தது. எந்த வீட்டு வாசலிலும், கதவு திறந்தே கிடந்தாலும், "வரலாம்" என்று ஒருவர் சொல்லும்வரை அசையாமல் நிற்பார். கோயில் மணி அடித்தால் சட்டென்று எழுந்து, சுவரை ஒட்டி, சுவரைப் பார்த்தபடி நிற்பார். ஊர்ப் பையன்களுக்கு இது தெரிந்துபோயிற்று. போலீஸ்காரரை எங்கள் பக்கத்தில் 'ஏமான்' என்பார்கள். பையன்கள் வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஏலே, ஏமான் வந்தாச்சு!" என்று கத்துவார்கள். அவர் பக்கத்தில் இருக்கும் சுவரைத் தேடி ஓடுவார். சுவர் இல்லாத இடமானால், ஒரு தென்னையைப் பார்த்துத் திரும்பி நிற்பார். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

எங்கள் தெருவில் பிடியரிசி சேர்க்க வருபவள் நேசம் அக்கா. இனயம் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்களோடு பேரம் பேசி வளர்ந்த வாய். சும்மா இருக்கத் தெரியாது. தங்கையன் ஊருக்கு வந்து சில வாரங்கள் கழிந்த ஒரு சனிக்கிழமை, எங்கள் கலயத்தைப் பெட்டியில் கவிழ்த்தபடியே, "பெட்டி இப்பம் நிறையணும் கேட்டியா. அந்தத் தங்கையனுக்கும் இதிலிருந்துதான கஞ்சி" என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அம்மை அமைதியாகக் கேட்டாள். "எனக்க அரிசியுமா?"

"எல்லாம் ஒரு பெட்டியிலதான எஸ்தரே விழுது. இது உனக்க அரிசி, அது எனக்க அரிசின்னு அதுக்க முகத்திலயா எழுதியிருக்கு?"

நேசம் அக்கா போனதும் அம்மை கலயத்தைக் கழுவினாள். வெயிலில் காயவைத்தாள். பிறகு அடுக்களை மூலையில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சத்தம் கேட்கவில்லை. நான் சிமினியைக் கையில் வைத்துக்கொண்டே அடுக்களைக்குள் பார்த்தேன். அம்மையின் கை பழக்கத்தில் அரிசிக்குள் போய், விரிந்து, ஒரு பிடி எடுத்து, மூலையை நோக்கித் திரும்பி, பாதி வழியில் நின்றது. பிறகு உலைக்குள் போட்டாள். அந்த வாரங்களில் எங்கள் கஞ்சியில் ஒரு பிடி அரிசி கூடுதலாக இருந்தது. அது முழுவதும் என் சட்டியில்தான் விழுந்தது. அம்மை வெறும் கஞ்சித் தெளிவைக் குடித்துவிட்டுப் படுத்தாள். எனக்கு நல்ல பசி இருந்த வயது. ஆனாலும் அதை விழுங்கும்போது எதையோ பறித்துத் தின்பதுபோல் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நேசம் அக்கா மூலையைப் பார்த்து, "இது என்ன, கலயம் தலைகீழா நின்னு ஜெபம் பண்ணுது?" என்று சிரிக்கப் பார்த்தாள். அம்மை சிரிக்கவில்லை. செய்தி சபைக்குப் போயிற்று. அந்த மாதத் திருவிருந்தில் அப்பம் வாங்க எல்லாப் பெண்களும் எழுந்து முன்னால் போனபோது அம்மை பாயிலேயே இருந்தாள். ஒருவரோடு பகை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடக்கூடாது என்பதை எனக்குச் சொல்லித்தந்தவளே அவள்தான். காலியான பாய்களுக்கு நடுவே அவள் மட்டும் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

அதன்பின் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கடிந்து பேசத் தெரியாதவர். கிறிஸ்து தந்த மீட்பு எல்லாருக்கும் உரியது என்றும், அதைப் பெற்றவர்கள் பழைய கட்டுகளைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை என்றும் தணிந்த குரலில் சொன்னார். கடைசியாக, "மன்னிக்காத மனசும் ஒரு ஜெயிலாக்கும் எஸ்தரே" என்றார்.

"ஜெயில்ல நேரா நேரத்துக்குச் சோறு உண்டுல்லா உபதேசியாரே" என்றாள் அம்மை. "அவன் அங்க இருந்து தின்னான். இஞ்ச நானும் எனக்க பிள்ளையும் மரச்சீனித் தோலை அவிச்சுத் தின்னோம். எது ஜெயிலுன்னு நீங்களே சொல்லுங்கோ."

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று ஜெபம் செய்தார். அதில் அம்மையின் பெயரைச் சொன்னார். தங்கையன் பெயரைச் சொல்லவில்லை.

எங்கள் கலயம் கவிழ்ந்ததை யாரோ தங்கையனிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் ஆனி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் நேசம் அக்கா சனிக்கிழமைக்குக் காத்திராமல் நனைந்துகொண்டு வந்தாள். குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை. "அந்த மனுசன் அரிசி வேண்டாம்ங்காரு எஸ்தரே. அந்தப் பிள்ளைக்க வாயிலிருந்து எடுத்ததை இத்தனை நாளும் தின்னுட்டேனேன்னு ஒரே கரச்சலும் கண்ணீரும். காட்டுக் கிழங்கைத் தோண்டிச் சரியா வேகவைக்காம தின்னுருக்காரு. இப்பம் வயித்தால போகுது, நிக்கல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்னா வரமாட்டேங்காரு." அம்மை தும்பு நாரைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் போனபின் அம்மை வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, அன்று அந்திக்கு வைத்திருந்த அரிசியைப் பகலிலேயே குழையக் குழைய வேகவைத்து, உப்பிட்டு, தூக்குச்சட்டியில் ஊற்றி மூடினாள். என் தலையில் மழைக்குக் குடையாக ஒரு பாளையைக் கவிழ்த்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனாள் என்பதை நான் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். தனியாகப் போகப் பயந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவரைக் கண்டல்ல, தன்னைக் கண்டே.

கொட்டகைக்குள் ஈர ஓலையும் மலமும் சேர்ந்து நாறியது. எங்களைக் கண்டதும் அவர் கையை ஊன்றி, எழ முடியாமல் எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார்.

"சபைக்க முன்னால நின்னு விடுதலைன்னு சாட்சி பறஞ்சியே" என்றாள் அம்மை. "பின்ன எதுக்குச் சுவரைப் பாத்து நிக்கே?"

அவர் திரும்பவில்லை. "பறஞ்சது சத்தியந்தான் எஸ்தரே. வாயி முந்திப் பறஞ்சிட்டு. காலு இன்னும் அங்கதான் நிக்கு."

அம்மை அவருடைய கால்களைப் பார்த்தாள். கணுக்காலில் தோல் கறுத்துத் தடித்த வளையம் ஒன்று இருந்தது. "இரி" என்றாள். அவர் உட்கார்ந்தார். "குடி" என்றாள். அவர் சட்டியைத் தொடாமல் என்னைப் பார்த்தார். அந்தக் கண்களை நேராகப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"உன்னை மன்னிச்சாச்சுன்னு நான் சொல்ல வரல்ல" என்றாள் அம்மை. "கஞ்சி கொண்டு வந்திருக்கேன். அவ்வளவுதான். குடி."

அவர் குடித்தார். பாதிக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை மூடி வைத்துவிட்டு, அம்மை ஒரு மூலையிலிருந்து காய்ந்த ஓலையாகத் தேடி எடுத்து அவருக்கு அடியில் விரித்தாள். திரும்பும் வழியில் என் கையை அவள் பிடித்த பிடியில் விரல்கள் வலித்தன.

இரண்டு நாள் கழித்து அவர் இறந்துபோனார். அவருடைய தம்பி வந்தார், வந்து அழுதார். மழை விட்டிருந்த ஒரு நேரம் பார்த்து, கோயிலுக்குக் கிழக்கே, அப்பாவின் கல்லறையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் அடக்கம் செய்தார்கள். எல்லாரும் ஒரு பிடி மண் எடுத்துக் குழிக்குள் போட்டார்கள். அம்மை மதிலோரம் நின்றாள். நேசம் அக்கா திரும்பிப் பார்த்தாள், உபதேசியாரும் பார்த்தார். அம்மை போடவில்லை.

அன்று அந்தியில் நான் முற்றத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அல்ல, வாரத்தின் நடுவில் ஏதோ ஒரு நாள். ஆனால் அடுக்களையிலிருந்து ஞாயிற்றுக்கிழமையின் சத்தம் கேட்டது. வெறுங்கலயத்தின் அடியில் அரிசி கலகலவென்று விழுந்தது.

அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. திருவிருந்துக்கு மட்டும் அம்மை நெடுங்காலம் போகாமலிருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாக எழுந்து மற்றப் பெண்களோடு போனாள். அது எந்த மாதம் என்பது எனக்கு நிச்சயமில்லை. நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின். எழுதியிருக்க வேண்டிய நாள் அது. எனக்கு வேலை கிடைத்தபின் ஒருமுறை, "அவரை மன்னிச்சியா அம்மை?" என்று துணிந்து கேட்டேன். முறத்திலிருந்து தலையை எடுக்காமல், "தெரியல்ல மக்ளே. கை போடுது. மனசு பைய வரும்னு பாத்துட்டிருக்கேன்" என்றாள். அந்த மனசு வந்து சேர்ந்ததா என்று கேட்க எனக்கு மறுபடி துணிவு வரவில்லை. அவளும் சொல்லாமலே போய்விட்டாள்.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சபையின் கல்யாண மண்டபம் நிற்கிறது. ஓலைக்கூரை போய்க் கான்கிரீட் வந்தபின் ஓலை அடுக்கக் கொட்டகை எதற்கு? கல்லறைத் தோட்டத்தில் பெயர் வெட்டாத குழிகளின்மேல் புதுக் குழிகள் வந்துவிட்டன. அவர் கிடக்கும் இடத்தை என்னாலும் காட்ட முடியாது. பிடியரிசிப் பெட்டியும் நின்றுபோய், மாதாமாதம் அச்சிட்ட உறை வருகிறது. கலயம் ஒரு வீடு மாற்றத்தில் உடைந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடியை எடுத்து ஒதுக்கும் பழக்கம் என் கைக்கும் வந்திருக்கிறது. தெருக்கோடியில் தனியாக இருக்கும் ஒரு கிழவருக்கு வாரக் கடைசியில் அதைக் கொடுத்தனுப்புகிறேன். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்தான் போடுகிறேன். அதில் அரிசி விழும்போது எந்தக் கிழமை என்று தெரிவதில்லை.