கதவுக்காரி செய்த வில்

அம்பு விடும் மைதானத்தில் அவளைக் கதவுக்காரி என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் கதவுத் தொழிற்சாலையில் பிரஸ் போடுகிறவள். இரண்டு பக்கமும் மெல்லிய பலகை, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, பசை, சூடு, அழுத்தம். வெளியே வந்தால் கதவு. மலிவுக் கதவுக்குள் மடித்த அட்டைதான் இருக்கும், நல்ல கதவுக்குள் கட்டை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அழகு. யார் வீட்டுக்குப் போனாலும் காபி வருவதற்குள் கதவைத் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று இவள் சொல்லிவிடுவாள். புதுவீடு கட்டினவர்கள் இவளைக் கூப்பிடவே யோசிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் கையில் உடைந்த வில்லைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா?

வில் அக்காவுடையது. அக்கா பஸ் டிப்போவில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள். அவள் குரல் டிப்போ முழுக்கக் கேட்கும், வீட்டில்தான் கேட்காது. மாமா கண்ணை மூடினதிலிருந்து அப்படி. அவள் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே இடம் அந்த மைதானம். அங்கே பெண்கள் அணியில் நாலே பேர், அதில் அக்கா ஒருத்தி. ஐம்பத்து நாலு வயதில் தோள்பட்டை இறுகி, வில்லை நீட்டினால் கை நடுங்க ஆரம்பித்தது. போதாததற்கு வில்லும் விரிந்து வாயைப் பிளந்தது. இரண்டு மாதத்தில் அணிக்குத் தேர்வு. இடம் போனால் மைதானத்துப் பக்கமே வரப்போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், சொன்னால் செய்துவிடுவாள்.

விரிந்த வில்லைத் தங்கை உற்றுப் பார்த்தாள். முன்னால் ஒரு ஃபைபர் தகடு, பின்னால் ஒரு ஃபைபர் தகடு, நடுவில் மரம். அட, நம்ம கதவு!

"அண்ணே, நடுவுல இருக்கற மரம் என்ன வேலை செய்யுது?" என்று மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டாள்.

"ஒரு வேலையும் இல்லம்மா. வளையறதும் நிமிர்றதும் ரெண்டு தகடும்தான். மரம் சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு நல்ல மரம்?"

"நீ போய்க் கதவைச் செய்யும்மா" என்றார். பட்டப்பெயர் பிறந்தது அன்றைக்குத்தான்.

கேள்வி இவள் மண்டையைக் குடைந்தது. பலகையில் வில்லின் வளைவுக்கு அச்சு வெட்டினாள். எபாக்சி பசை காய்வதற்கு, பல்பு பொருத்திய நீளப் பெட்டி ஒன்றைப் பால்கனியில் வைத்தாள். வீட்டில் இருந்த கிளாம்ப் அத்தனையும் அதில் போய் உட்கார்ந்துகொண்டது. துணி காயப்போட இடமில்லை என்று புருஷன் புலம்பினான்; இவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் பால்சா. பொம்மை விமானம் செய்வார்களே, ஊதினால் பறக்கிற மரம், அது. சும்மா இருக்கிற வேலைக்கு அதுவே போதுமே! சுவரில் கொக்கி அடித்து வில்லை மாட்டினாள். நாணில் தொங்கு தராசைக் கோத்து, தள்ளி நின்று கயிற்றால் இழுத்தாள். பத்து பவுண்டு, பதினாலு பவுண்டு. பதினாறில் சடக்கென்று ஒரு சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். தகடு இரண்டும் முழுசு. பசையும் விடவில்லை. நடுமரம் மட்டும் நீளவாக்கில் வழுக்கிக் கிழிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவள் குதித்தாள்!

அக்காவுக்கு ஒரு நோட்டை வளைத்துக் காட்டினாள். "பாரு, வளைக்கறப்ப ஒவ்வொரு தாளும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்குதில்ல? வில்லுலயும் முன்தகடு நீளப் பாக்குது, பின்தகடு சுருங்கப் பாக்குது. ரெண்டும் வழுக்கிப் பிரிஞ்சு போகாம இந்த மரம்தான் புடிச்சு நிக்குது. சும்மா இருக்காம்!"

மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் நிற்கிறவனிடம், நீ சும்மாதானே நிற்கிறாய் என்று அந்த மைதானக்காரர் கேட்டுப் பார்க்கட்டும், தெரியும்.

ஆக, வழுக்க விடாத மரம் வேண்டும். அதற்கு மேல் எந்த மரம் என்பதுதான் அடுத்த கேள்வி. மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். நேரான ரேகை ஓடும், லேசான சீடர் மரம். தரைக்குப் போடும் பலகையிலிருந்து பிரித்தெடுத்த மூங்கில். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கனத்த மேப்பிள். ஒரே அச்சு, ஒரே தகடு, ஒரே தடிமன். பிடிக்கட்டை உட்பட நடுவில் இருப்பது மட்டும் வேறு வேறு. மூன்றுக்கும் கறுப்பு பெயின்ட் அடித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டாள். எது எந்த மரம் என்று அக்காவிடம் மூச்சு விடவில்லை. இழுத்துப் பார்த்தால் மூன்றுமே இருபத்தாறு பவுண்டுக்கு ஒன்று முன்னே, ஒன்று பின்னே. கனத்தில்தான் வித்தியாசம். ஒன்றாம் நம்பரைவிட மூன்றாம் நம்பர் கால் கிலோ கூடுதல்.

இவள் மனசு முழுக்க ஒன்றாம் நம்பர் சீடரில்தான். தோள் வலிக்காரிக்கு லேசான வில்தானே சுகம்? அதற்கு மட்டும் மூன்று தடவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள்.

மைதானத்தில் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். அக்கா மூன்றிலும் ஆறாறு அம்பு விட்டாள்.

"ஒண்ணாம் நம்பர்தான்டி. கையில இருக்கறதே தெரியல."

தங்கைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம்தான் கோளாறு. ஒன்றாம் நம்பரோடு பயிற்சி செய்யச் செய்ய அக்காவின் அம்புகள் திசைக்கு ஒன்றாகப் போயின. "பழகப் பழகச் சரியாயிடும்" என்றாள் அக்கா. தேர்வுக்குப் பத்து நாள்தான் பாக்கி. "உங்கக்கா இந்தத் தடவை கஷ்டம்மா" என்று மைதானக்காரர் தணிந்த குரலில் சொன்னார்.

மறுநாள் தொழிற்சாலையில் பிரஸ் முன்னால் நிற்கும்போது சோதனைக்காரர் வந்தார். அடுக்கிலிருந்து ஒரு கதவை உருவினார். அவர் வந்தாலே பிரஸ் போட்டவர்கள் வெளியே போய்விட வேண்டும், அங்கே அப்படித்தான் வழக்கம். போட்டவர் பக்கத்தில் நின்றால் சோதிக்கிறவரின் கண் கதவைப் பார்க்காது, அவர் முகத்தைப் பார்க்கும். இருபத்திரண்டு வருஷமாக வெளியே போய் நிற்கிறவள், அன்றைக்கு வாசலில் நின்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அக்கா சோதித்தபோது இவள் எங்கே நின்றாள்? அக்காவின் மூக்குக்கு நேராக, பல்லைக் காட்டிக்கொண்டு!

சாயங்காலம் மூன்று வில்லையும் மைதானக்காரரிடம் ஒப்படைத்தாள். "அண்ணே, நான் வரல. அக்கா மூணுலயும் பன்னெண்டு பன்னெண்டு அம்பு விடட்டும். எது நல்லா இருக்குன்னு கேக்கவே கேக்காதீங்க. ஓட்டை விழுந்த தாளை மட்டும் நம்பர் போட்டுக் கொண்டு வாங்க."

கேன்டீனில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக் காத்திருந்தாள். அவர் வந்து மூன்று தாளை மேஜையில் விரித்தார். ஒன்றாம் நம்பர் தாள் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் பன்னிரண்டு ஓட்டையையும் ஒரு கையால் மூடிவிடலாம்.

கனத்த வில். இவள் வேண்டாமென்று மனசுக்குள் தள்ளிவைத்த மேப்பிள். அந்தக் கால் கிலோதான் அக்காவின் நடுங்குகிற கையை அசையாமல் அமர்த்தியிருக்கிறது. லேசான வில்லோ கையின் ஒவ்வொரு நடுக்கத்தோடும் தானும் ஆடியிருக்கிறது. இவள் கணக்கு தலைகீழ்.

தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே அக்காவிடம் போனாள்.

"ஒண்ணாம் நம்பர் ஆடுதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அக்கா நாணைத் தடவிக்கொண்டு நின்றாள். "தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் அம்புலேர்ந்து."

"பின்ன ஏன் நல்லா இருக்குன்னு சொன்னே?"

"மத்த ரெண்டையும் விறகு மாதிரி நீட்டினே. அதை மட்டும் பொறந்த குழந்தையை நீட்டற மாதிரி நீட்டினே. எனக்குச் சொல்ல வாய் வரலடி."

"உன் இடமே போயிருக்கும், அக்கா!"

"போனா போகட்டும். ஒண்ணரை மாசமா எனக்காக ஓடுறே. உன் மூஞ்சி வாடிப் போறத நான் பாக்கணுமா?"

தங்கைக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. "என் மூஞ்சி வாடினா நாளைக்குத் தெளியும். நீ மைதானத்துக்கு வராம வீட்டுல வாயை மூடி உக்காந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? அதுக்கு எந்த மரத்தைத் தேடுவேன்?"

அக்கா மூன்றாம் நம்பரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

தேர்வன்று ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். தங்கை வேலிக்கு அந்தப் பக்கம் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வேகாத வெயிலில் ஒன்றரை மணி நேரம், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடைசியில் பெயர்களைப் படித்தார்கள். அக்காவின் பெயர் நாலாவதாக, இரண்டே புள்ளி வித்தியாசத்தில் வந்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் அக்கா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முகம் சிவந்து, தலை கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவள் உள்ளங்கையை நீட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம்.

"பாருடி இதை! பிடி இவ்வளவு தடியா வெப்பாங்களா? கடைசி ஆறு அம்பு உயிர் போச்சு. பிடியோட மேல் வளைவும் சரியில்ல, விரல்ல குத்துது. செஞ்சவ கையில போட்டுப் பாத்தாளா இல்லையா?"

டிப்போவில் கேட்கிற அதே குரல். மைதானமே திரும்பிப் பார்த்தது. கதவுக்காரி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இன்னும் சொல்லு, அக்கா, இன்னும் சொல்லு" என்று அழுதாள்.