வில்டா கழற்றாத வலை

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பூங்கா ஓடையின் குறுக்கே வலை கட்டியது. ஏப்ரல் மாதம், வெள்ளிக்கிழமை. தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது.

மறுநாள் பிள்ளைகளின் மீன்பிடி நாள். மாநில மீன்பண்ணை லாரி வந்து ட்ரவுட் மீன்களை ஓடையில் கொட்டிவிட்டுப் போகும். மேலே பழைய தடுப்பணை, அதை மீன் தாண்டாது. கீழே வலை கட்டினால் மீனெல்லாம் ஊஞ்சல்களுக்குப் பக்கத்திலேயே நிற்கும். கட்டாவிட்டால் பாதி கீழே போய்விடும். கீழே ஹார்லெஸ் காத்திருப்பார்.

அன்றும் காத்திருந்தார், மடக்கு நாற்காலியில், தூண்டிலோடு. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. மீன் லாரி எந்த ஓடைக்குப் போனாலும் பின்னாலேயே வண்டியை விடுகிறவர். எங்கள் மலைப்பக்கத்தில் அப்படி நிறையப் பேர் உண்டு.

“வில்டா, அந்த ஓரத்துல கொஞ்சம் தொய்வா விடேன். ரெண்டே ரெண்டு வரட்டும். கிழவன் பொழச்சுப் போறேன்.”

“யோவ் ஹார்லெஸ், உன் ஃப்ரீசரைத் திறந்தா மீன் கால் மேல விழுதுன்னு உன் மக ஊரெல்லாம் சொல்றா. நண்டு சிண்டுகளோட போட்டி போட வெக்கமா இல்ல?”

“அதுங்களுக்கு மீன் ருசி என்ன தெரியும்? எல்லாத்தையும் கெட்சப்புல முக்கித் திங்குதுங்க.”

“உனக்கு வெக்கம்னா என்ன ருசின்னே தெரியல” என்றாள் அம்மா.

நான் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். வலையைத் தாங்கும் கம்பியைத் தட்டிப் பார்த்து, இது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டேன்.

“இது பாலம் இல்லடி ட்ரீமா. ஞாயித்துக்கிழமை கழட்டிடுவேன்” என்றாள். மூச்சு வாங்கியது. கரையோரச் சைக்கமோர் மரத்தில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள்.

அம்மா நகராட்சிப் பூங்காவில் வேலை பார்த்தாள். கோடையில் மிதி படகுகளை வாடகைக்கு விடுவாள். குட்டி கோல்ஃப் மைதானத்துக் குளத்தில் விழுந்த பந்துகளை வலைக்கரண்டியால் அள்ளுவாள். சறுக்குமரத்துக்கு அடியில் குளவி கூடு கட்டினால் அவள்தான். ராட்டினத்தில் எந்தப் பிள்ளையாவது வாந்தி எடுத்தாலும் அவள்தான். “ஊரு ஜாலியா இருக்கு, எனக்கு முதுகு வலிக்குது” என்பாள். மீன் சாப்பிட மாட்டாள். வாசனையே ஆகாது.

வேலை முடிந்து வந்தால் வண்டியை வீட்டு முன் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். இன்ஜின் அணைந்திருக்கும். நான் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அப்படித்தான். சன்னலிலிருந்து பார்ப்பேன்.

“ஏம்மா உள்ள வரல?”

“எழுந்திருக்கணுமே.”

அவள் இறங்குவதற்குள் சூப்பைச் சுட வைப்பது என் வேலை.

சனிக்கிழமை நன்றாகவே போனது. ஊரிலுள்ள பிள்ளைகள் பாதிப் பேர் ஓடையில் இருந்தார்கள். கொக்கியில் புழு குத்த அழுதவர்களுக்கெல்லாம் அம்மாதான் குத்திக் கொடுத்தாள். மீன் மாட்டாத ஒருத்தி மட்டும் கடைசிவரை நகர மறுத்தாள். அவள் பக்கத்தில் அம்மாவும் நனைந்த காலோடு நின்றாள். கடைசியில் மாட்டியது. அந்தச் சிறுமி மீனைப் பார்த்துப் பயந்து தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினாள். அம்மா அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

சாயங்காலம் வண்டி வந்து நின்றது. சன்னலில் பார்த்தேன். சூப்பைச் சுட வைத்தேன். சூப் ஆறிய பிறகுதான் வெளியே போனேன்.

இதயம் நின்றுவிட்டது என்றார்கள். வலியே தெரிந்திருக்காது என்றார்கள். அதை எப்படி அளந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், அடக்கம் செய்யும் நிலையத்தில் அம்மாவைப் பார்வைக்கு வைத்திருந்தோம். ஊர் வந்தது, துக்கக்காரர்களுக்குச் சாப்பாட்டோடு. ஹாம், பீன்ஸ், சோள ரொட்டி, மூடிபோட்ட பாத்திரங்கள். ஹார்லெஸ் இறுக்கமான கோட்டில் வந்தார். பெட்டி அருகே வெகுநேரம் நின்றார்.

“என்னை ஒரு வார்த்தை திட்டலையே” என்றார். பிறகு என் காதருகே குனிந்து, “தங்கம், வலை இன்னும் அங்கதான் இருக்கு” என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“கீழ கட்டின வலை. யாரும் கழட்டல. பூங்கா ஆபீஸ்ல சொன்னேன். புதுசா வந்த பையன் அது எப்பவுமே அங்க இருக்கிற வேலின்னு நினைச்சுட்டிருக்கான். ராத்திரி பெருமழைங்கறாங்க.”

வலை தண்ணீரை நிறுத்தாது. வலையில் சேரும் இலை நிறுத்தும். இலையும் கிளையும் அடைத்தால் அது அணை. தண்ணீர் ஊஞ்சல் மைதானத்தில் ஏறும். கம்பி அறுந்தால் அத்தனையும் கீழே நடைபாலத்தில் போய் மோதும். கணக்குப் போடவே தேவையில்லை.

“நீங்களே கழட்டியிருக்கலாமே?”

“சுரங்கத் தூசி தின்ன நெஞ்சும்மா. ஓடையில இறங்கினா ஏற மாட்டேன்.”

“மீன் இருக்கா?”

“வலைகிட்ட கும்பலா நிக்குது. நேத்து தூண்டிலோடதான் போனேன்.” கோட்டுப் பொத்தானைத் திருகினார். “போடல. திட்ட ஆளில்லாம என்னத்தப் பிடிக்கிறது?”

வந்தவர்களை அத்தையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். நானும் ஹார்லெஸும் அம்மாவின் வண்டியில்தான் போனோம். ஓடையில் இறங்க அவள் போடும் ரப்பர் கால்சட்டை பின்னால் கிடந்தது. கறுப்பு உடைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன். நீளம் சரியாக இருந்தது.

தூறல் தொடங்கிவிட்டது. வலையில் போன வருட இலைகள் முழங்கால் உயரத்துக்கு அப்பியிருந்தன. அதற்கு மேற்புறம் மீன்கள், நீரோட்டத்துக்கு எதிராகத் தலை வைத்து, அசையாமல் நின்றன. இலைகளை வாரிக் கரையில் எறிந்தேன். தோள் வலித்தது. மீண்டும் வாரினேன். பிறகு தண்ணீரில் நின்றபடியே, வலைக்கம்பியைச் சைக்கமோர் மரத்தோடு கட்டியிருந்த கயிற்று முடிச்சைப் பிடித்தேன். ஈரத்தில் இறுகியிருந்தது.

ஹார்லெஸ் கரையில் நின்றார், வெறும் கையோடு.

“என்னைத் திட்டிக்கிட்டே கழட்டு” என்றார். “அவ அப்படித்தான் கழட்டுவா.”

“யோவ் ஹார்லெஸ்” என்றேன்.

அடுத்த வார்த்தை வரவில்லை. முடிச்சும் வரவில்லை. தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது.