முப்பதாவது புளியங்கொட்டை

கம்பத்துக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பள்ளியில், நான்காம் வகுப்பில் நாங்கள் முப்பத்திரண்டு பேர். இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க மதுரையிலிருந்து புதிதாக வந்த வாத்தியார் ஓர் ஆட்டம் வைத்தார். வாசலில் நின்று ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கூவுவார். அந்தப் பொருளை ஓடிப்போய் முதலில் தொடுகிறவருக்கு ஒரு புளியங்கொட்டை. முதலில் முப்பது சேர்ப்பவருக்கு, ஒரு முனை சிவப்பும் மறு முனை நீலமுமான பென்சில்.

'ட்ரீ' என்றால் வேப்பமரம் குலுங்கும். 'வாட்டர்' என்றால் வாய்க்காலில் இடுப்புவரை நனைவோம். 'கவ்' என்ற அன்று என் பெரியப்பாவின் பசு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

"ஏலே, வெள்ளக்காரன் பாசை படிக்க என் மாடுதான் கெடச்சுச்சா?" என்று அவர் கம்போடு வந்தார். வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். நாங்கள் அடுத்த வார்த்தை என்ன என்று கேட்டோம்.

என்னிடம் இருபத்தொன்பது கொட்டை சேர்ந்தபோது மாயாண்டியிடமும் இருபத்தொன்பது. ஊருக்கு வெளியே இருந்த சேரியிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்த ஒரே பையன் அவன். ஓட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. அன்று காலை என் கொட்டைகளை ஏழு முறை எண்ணினேன்.

வாத்தியார் "டெம்பிள்" என்றார்.

பள்ளி வாசலிலிருந்து காளியம்மன் கோயில் படி இருநூற்றுப் பதினான்கு எட்டு; பிற்பாடு அளந்தேன். மாயாண்டி பத்து எட்டு முன்னால் பறந்தான். போச்சு, பென்சில் போச்சு என்று அழுதுகொண்டே ஓடினேன். கோயில் முன்னால் நட்டிருந்த சூலத்துக்கு இப்பால் அவன் சட்டென்று நின்றான். நான் அவனைத் தாண்டிப்போய்ப் படிமேல் விழுந்து, இரண்டு கையாலும் தொட்டேன். இடது முழங்காலில் தோல் கிழிந்தது, வலிக்கவே இல்லை. தெருவே கேட்கும்படி முப்பது, முப்பது என்று கத்தினேன்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த வாத்தியார், நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலைக் கொடுக்கும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து டோர், வால், பெஞ்ச் என்று எல்லா வார்த்தைகளும் வகுப்புக்குள்ளேயே அடங்கிவிட்டன.

ஆட்டம் சப்பென்று போன ஆத்திரத்தில், அர்த்தம் தெரியாமல்தானே நின்றாய் என்று மாயாண்டியைச் சீண்டினேன்.

"தெரியும்லே. நான் படியத் தொட்டா எங்கய்யாவக் கட்டி வச்சு அடிப்பாக."

தொடுவது இவன், அடி இவன் அய்யாவுக்கா? கூட்டியும் கழித்தும் பார்த்தேன், விடை வரவில்லை. பென்சிலின் நீல முனையைச் சீவ உட்கார்ந்துவிட்டேன்.